கோலுக்குப் பின்னால் என்ன இருந்தது

இருபத்தொன்பது வயதில் ஓய்வு பெற்றவள் என்று என்னை அறிமுகம் செய்தால் ஆட்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பதினொரு வருடம் இந்தியப் பெண்கள் கால்பந்து அணியில் கோல்கீப்பராக இருந்தேன். இடது முழங்கால் இனிமேல் முடியாது என்று திட்டவட்டமாகச் சொன்ன பிறகுதான் கையுறையைக் கழற்றினேன். இப்போது போர்ட் பிளேரில் கப்பல் டிக்கெட் கவுன்டரில் உட்கார்ந்திருக்கிறேன். ஊருக்குப் பெயர் மாறிவிட்டது, எங்கள் வாயில் இன்னும் மாறவில்லை. ஹட் பே தீவுக்குப் போகும் கப்பலில் இடம் இல்லை என்று தினமும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தடுப்பதுதான் அன்றைக்கும் வேலை, இன்றைக்கும் வேலை.

காலையில் அலுவலகத்துக்குப் போகும் முன் ஒன்றரை மணி நேரம் ஏழு பெண்களுக்குக் கோல்கீப்பிங் பயிற்சி கொடுக்கிறேன். போன மாதம் அவர்களுக்குப் புதிய விதியை விளக்க வேண்டியிருந்தது. கோல்கீப்பர் பந்தைக் கையில் எட்டு நொடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர், மூலையில் இருந்து பந்தை உதைக்கும் வாய்ப்பு. கடைசி ஐந்து நொடியை நடுவர் கையை உயர்த்தி விரல் விட்டு எண்ணிக் காட்டுவார். எங்கள் காலத்தில் ஆறு நொடி என்று எழுதி வைத்திருந்தார்கள். அதை எண்ணிய நடுவரை நான் பார்த்ததில்லை.

விளக்கி முடித்ததும் திக்லிபூரில் இருந்து வந்து தங்கிப் படிக்கும் சரண்யா கையைத் தூக்கினாள். அவளுக்கு எதிலும் கணக்குப் போட வேண்டும்.

"அக்கா, மேல தட்டி விட்டாலும் கார்னர். பிடிச்சு வச்சுக்கிட்டாலும் கார்னர். அப்போ எதுக்குக் கஷ்டப்பட்டுப் பிடிக்கணும்? எல்லாத்தையும் தட்டி விட்டுட்டா போச்சு."

மற்ற ஆறு பேரும் தலையை ஆட்டினார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இரண்டு சுற்று ஓடிவிட்டு வாருங்கள் என்று விரட்டிவிட்டேன். அவர்கள் ஓடும்போதுதான் யோசித்தேன். இந்தப் பிள்ளை இவ்வளவு லேசாகச் சொல்லும் காரியத்தை, பந்தைக் கம்பிக்கு மேலே தட்டி விடுகிற அந்த ஒன்றை, கற்றுக்கொள்ள எனக்கு இரண்டரை வருடம் ஆனது. அதற்கு நான் கொடுத்த விலை ஒரு தகுதிச் சுற்று. என்னோடு சேர்ந்து இருபத்திரண்டு பேர் கொடுத்த விலை அது. ஆகவே இதை எழுதி வைக்கிறேன்.

நான் இதே தீவில் வண்டூர்க்காரி. அப்பா மிக்கேல் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையில் இருந்து இளவயதில் வந்து இங்கே டிங்கிப் படகு வைத்து மீன் பிடிப்பவர். எனக்குப் பத்து வயதில் சுனாமி வந்தது. எங்கள் வீட்டில் எல்லோரும் பிழைத்தோம். ஆனால் அந்த நிலநடுக்கத்தில் எங்கள் பக்கத்துத் தரையே ஒரு ஆள் இடுப்பளவுக்குக் கீழே இறங்கிவிட்டது. நெல் விளைந்த வயல்களில் உப்புத் தண்ணீர் ஏறி அப்படியே தங்கிவிட்டது. தூரத்தில் இருந்த உப்பங்கழி, நாங்கள் விளையாடும் திடலின் தெற்குக் கோலுக்குப் பின்னால் பத்தடியில் வந்து நின்றது. தண்ணீரோடு முதலையும் வந்தது. வனத்துறைக்காரர்கள் பல்லைக் காட்டும் முதலைப் படம் போட்ட பலகையை நட்டுவிட்டுப் போனார்கள். பலகையை நம்பாதவர்களும், தண்ணீர் ஓரம் போன எங்கள் தெரு நாய் திரும்பி வராத அன்று நம்பினார்கள்.

விளையாட வேறு இடம் இல்லை. பந்தும் ஒன்றுதான். வங்காளிப் பிள்ளைகள், மலையாளி, தெலுங்கு, ராஞ்சிக்காரர்கள் வீட்டுப் பிள்ளைகள், நாங்கள் என்று எல்லோரும் கலந்து ஆடுவோம். பேச்சு ஹிந்தியில்தான். திடலுக்கு ஒரே சட்டம். பந்து கழியில் விழுந்தால் யாரும் இறங்கக் கூடாது. யாராவது ஒருவர் "கேல் கதம்" என்பார். ஆட்டம் முடிந்தது என்று அர்த்தம். அன்றைக்கு மட்டும் இல்லை, அடுத்த பந்துக்கு வழி பிறக்கும் வரை மாதக் கணக்கில் ஆட்டம் கிடையாது. வீட்டிலும் மூச்சு விட மாட்டோம். பந்து கழிக்குப் போகிறது என்று பெரியவர்களுக்குத் தெரிந்தால் திடலையே மூடிவிடுவார்கள் என்ற பயம்.

தெற்குக் கோலில் நிற்க யாருக்கும் துணிவு இல்லை. அடிப்பவனுக்குத் திட்டு விழாது, விட்டவனுக்குத்தான் விழும். நான் நின்றேன். உயரம் இருந்தது, உள்ளங்கை பெரிது, பிடிவாதமும் இருந்தது. அங்கே கோல் விழுந்தால்கூட யாரும் வருத்தப்பட மாட்டார்கள், கோலுக்குள் பழைய வலை கட்டியிருந்தது. குறுக்கே கட்டிய கயிற்றுக்கு மேலே போகிற பந்துதான் பயம். அதை எப்படியாவது எட்டிக் கீழே இறக்க வேண்டும். மேலே வருவதை நான் தட்டி விட்டதே இல்லை. பிடித்தேன், அல்லது இழுத்து மார்போடு அணைத்தேன். ஐந்து வருடத்தில் என் கையைத் தாண்டி மூன்றே பந்துகள் கழிக்குப் போயின. அந்த மூன்றும் எந்தத் தேதி, யார் அடித்தது என்று இன்றைக்கும் சொல்வேன்.

பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம். பள்ளிப் போட்டி, தீவுகளின் அணி, மூன்று நாள் கப்பலில் வாந்தி எடுத்துக்கொண்டே சென்னை, அங்கிருந்து ரயில், ஜூனியர் போட்டி. ஒரு அரையிறுதியில் எதிரணி அடித்த எல்லாவற்றையும் கையிலேயே பிடித்தேன். ஒரு பந்துகூடத் தெறிக்கவில்லை. பதினெட்டு வயதில் தேசிய முகாமுக்குக் கடிதம் வந்தது. கடிதத்தை அப்பா மீன் பெட்டி மேல் வைத்துப் படிக்கச் சொன்னார். எங்கள் வீட்டில் மேசையோ அலமாரியோ கிடையாது.

முகாமில் கோல்கீப்பர்களுக்குத் தனிப் பயிற்சியாளர். கொல்கத்தாக்காரர், தாஸ் சார். ஒல்லியான மனிதர், மூக்கு நுனியில் கண்ணாடி, வெயிலோ மழையோ கையில் ஒரு கறுப்புக் குடை. பதினெட்டு வயதுப் பெண்களையும் ஹிந்தியில் 'ஆப்' என்றுதான் கூப்பிடுவார், நம் ஊர் 'நீங்கள்'. ஒருநாளும் குரலை உயர்த்த மாட்டார். கோபம் வந்தால் மரியாதை இன்னும் கூடும். "தயவு செய்து அந்தப் பந்தை நீங்களே போய் எடுத்து வர முடியுமா" என்று அவர் கேட்டால், அன்றைக்கு ஆள் தொலைந்தாள் என்று அர்த்தம்.

காலை ஆறரைக்கு வரிசையில் நிற்க வேண்டும். முதலில் நகம் பார்ப்பார். நீளமாக இருந்தால் தன் சட்டைப் பையில் இருந்து நகவெட்டியை எடுத்துக் கொடுத்துவிட்டு, வெட்டி முடிக்கும் வரை எதிரிலேயே நிற்பார். பிறகு வாளித் தண்ணீரில் கையுறையை நனைத்து, இரண்டு முறை உதறி, கன்னத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வார். காய்ந்திருந்தாலும் வழுக்கும், சொட்டினாலும் வழுக்கும், கன்னத்தில் ஒட்டிப் பிரிய வேண்டும். அதன் பிறகு ஆளுக்கு அறுபது பந்து. பந்து காலை விட்டுக் கிளம்பியதுமே, அது நம்மிடம் வந்து சேரும் முன், என்ன செய்யப் போகிறோம் என்று உரக்கச் சொல்ல வேண்டும். பிடிப்பது என்றால் 'கேட்ச்', தட்டி விடுவது என்றால் 'டிப்', வெளியே போகிறது என்றால் 'லீவ்'. அவர் நோட்டில் மூன்று கட்டம் கிழித்து, ஒவ்வொரு பந்துக்கும், நாம் செய்தது எதுவோ அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போடுவார். சொன்னது ஒன்று, செய்தது ஒன்று என்றால் கோட்டைச் சுற்றி ஒரு வட்டம்.

பத்தாவது நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு நோட்டைக் காட்டினார். கேட்ச் கட்டம் நிரம்பி வழிந்தது. டிப் கட்டத்தில் ஒரு கோடுகூட இல்லை. கேட்ச் கட்டத்துக் கோடுகளைச் சுற்றி ஏகப்பட்ட வட்டங்கள். நான் 'டிப்' என்று கத்திவிட்டுப் பிடித்த பந்துகள் அத்தனையும் அங்கே வட்டமாக இருந்தன.

"உங்கள் வாய்க்குத் தெரிகிறது. கைக்கு ஏன் தெரியவில்லை?" என்றார். "பந்து மேலே போகும்போது உங்கள் கை எதற்கோ பயப்படுகிறது. எதற்கு?"

அங்கேயே சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதான். ஆனால் அந்த வார்த்தையை நான் சொல்லத் தயாராக இல்லை. முகாமுக்கு வந்த முதல் இரவிலேயே அறைத் தோழிகள் கேட்டுவிட்டார்கள். அந்தமானா, அங்கே கரண்ட் உண்டா, ஆதிவாசி அம்பு விடுவார்களா, நீங்கள் குடிசையிலா, முதலை வீட்டுக்குள் வருமா என்று. கெட்ட பிள்ளைகள் இல்லை, தெரியாமல் கேட்டார்கள். ஆனாலும் உறுத்தியது. நான் விளையாட்டுக்காரியாக வந்திருக்கிறேன், வேடிக்கைப் பொருளாக இல்லை என்று அன்றைக்கே முடிவு செய்திருந்தேன். முதலைக்குப் பயந்து பந்து பிடிக்கிறவள் என்று தெரிந்தால் ஆயுளுக்கும் அதுதான் என் பெயர்.

"பயம் ஒன்றும் இல்லை சார். பிடிப்பதுதான் பழக்கம். என் கையை நம்பலாம்" என்றேன்.

அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "டீக் ஹை, சரி" என்று சொல்லி நோட்டை மூடிக்கொண்டார்.

என் கையைத் தலைமைப் பயிற்சியாளர் நம்பினார். பிடிக்கிற கீப்பர் என்றால் பின்வரிசை ஆட்டக்காரர்களுக்கு உயிர். தட்டி விட்டால் பந்து மறுபடி எதிரிக்கு, பிடித்தால் பந்து நமக்கு, மூச்சு வாங்க நேரமும் நமக்கு. ஒடிசாக்காரி மாலதி என்னைவிட நான்கு வயது மூத்தவள், அனுபவசாலி. அவளை உட்கார வைத்துவிட்டு என்னை நிறுத்தினார்கள். மூன்று வருடம் நான்தான் முதல் கீப்பர். அந்த மூன்று வருடமும் டிப் கட்டம் காலியாகவே இருந்தது. தாஸ் சார் வாரம் ஒருமுறை நோட்டைத் திறந்து அதைக் காட்டிவிட்டு மூடுவார். அதற்குள் நான் ஒரு தந்திரம் பழகியிருந்தேன். மேலே போகும் பந்தைப் பக்கவாட்டில் இழுத்து, தட்டியது மாதிரி தரையில் போட்டு, அப்படியே விழுந்து அணைத்துக்கொள்வேன். அவர் அதற்கும் வட்டம்தான் போட்டார்.

அந்தத் தகுதிச் சுற்று ஆட்டம் வெளிநாட்டில் நடந்தது. நாட்டின் பெயர் வேண்டாம், அவர்கள் நன்றாக ஆடினார்கள். எங்களுக்கு டிரா போதும். டிரா செய்தால் அடுத்த சுற்று. எங்கள் அணி அதுவரை அந்தச் சுற்றுக்குப் போனதில்லை. மதியத்தில் இருந்தே வானம் இருண்டிருந்தது. மைதானத்துக்குள் போகும் முன் தாஸ் சார் குடையை விரிக்காமல் கையில் பிடித்தபடி என்னிடம் வந்தார். "மழை வரும். இன்றைக்கு மட்டும், தலைக்கு மேலே வருவதைப் பிடிக்க வேண்டாம். கார்னர் போகட்டும். கார்னரை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றார். சரி சார் என்று தலையை ஆட்டினேன்.

இடைவேளைக்குப் பிறகு மழை கொட்டியது. எண்பத்திரண்டாவது நிமிடம் வரை இரண்டு பக்கமும் கோல் இல்லை. அவர்களுடைய நடுக்கள ஆட்டக்காரி, முப்பது கஜத்துக்கு அந்தப் பக்கம் இருந்து ஒரு பந்தை அடித்தாள். கோலுக்கு அடித்தாளா, யாருக்காவது கொடுத்தாளா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. பந்து உயரமாக எழும்பி, கம்பிக்கு நேராக இறங்கியது. எனக்கு நேரம் இருந்தது. நிறைய நேரம் இருந்தது. 'டிப்' என்று கத்தினேன். எங்கள் கேப்டன் அதைக் கேட்டுக் கார்னருக்குத் தயாராகக் கையை உயர்த்திக்கொண்டே திரும்பினாள். இரண்டடி பின்னால் போனேன், எழும்பினேன். வலது கை விரல்களை விரித்து மேலே தள்ள வேண்டிய இடத்தில், இடது கையும் தானாக வந்து சேர்ந்துகொண்டது. இரண்டு கைக்கு நடுவில் பந்து வந்தது. பிடித்தேன். ஒரு கணம் அது என் கையில்தான் இருந்தது. அப்புறம் சோப்புக்கட்டி மாதிரி வழுக்கிப் பின்னால் போனது. என் முதுகுக்குப் பின்னால் கோட்டைத் தாண்டி வலைக்குள் விழுந்த சத்தம் மழையிலும் எனக்குக் கேட்டது.

ஒன்றுக்குப் பூஜ்யம். அப்படியே முடிந்தது. வெளியேறினோம்.

உடை மாற்றும் அறையில் யாரும் என்னைத் திட்டவில்லை. கேப்டன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். 'டிப்' என்றாயே என்று மட்டும் கேட்டாள். அவளுக்கு அது கடைசித் தகுதிச் சுற்று, வயது முப்பத்து மூன்று. நான் குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தேன். அவள் எழுந்து போன பிறகு தாஸ் சார் வந்து எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். நோட்டைத் திறக்கவில்லை.

"உங்கள் ஊர் மைதானத்தில் கோலுக்குப் பின்னால் என்ன இருந்தது?" என்று கேட்டார்.

மூன்று வருடம் அவர் இதைத்தான் சுற்றிச் சுற்றி யோசித்திருக்கிறார். எனக்கு அழுகை வெடித்துவிட்டது. "கழி சார். முதலை" என்றேன். நிலம் இறங்கியதில் இருந்து ஒரே பந்து வரை எல்லாவற்றையும் சொன்னேன். அறையில் இருந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். ஒருத்திகூடச் சிரிக்கவில்லை. நான் எந்தச் சிரிப்புக்குப் பயந்து மூன்று வருடம் வாயை மூடியிருந்தேனோ, அந்தச் சிரிப்பு வரவே இல்லை.

தாஸ் சார் கடைசி வரை கேட்டார். "பயந்தது உங்கள் தவறு இல்லை" என்றார். "நான் கேட்டபோது ஒன்றும் இல்லை என்றீர்கள். அது தவறு. ஒரு மாதத்தில் சரி செய்திருக்கலாம்."

அதற்குப் பிறகு மாலதி முதல் கீப்பர் ஆனாள், நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். அது நியாயம். ஆனால் அங்கேயே உட்கார்ந்து தேய்ந்து போக எனக்கு உத்தேசம் இல்லை. முகாமிலேயே ஒரு மாதம் முயன்று பார்த்தேன். கைக்கு ஏமாற்றத் தெரிந்திருந்தது. இங்கே பின்னால் முதலை இல்லை என்று அதற்கு நன்றாகத் தெரிந்தும் பழையபடியே மூடிக்கொண்டது. முள்ளை அது குத்திய இடத்தில்தான் எடுக்க வேண்டும் என்று பட்டது. விடுமுறைக்கு ஊருக்குப் போகும் முன் தாஸ் சாரிடம் போய், கழித்துப் போட்ட பழைய பந்துகள் பன்னிரண்டு வேண்டும் என்று கேட்டேன். எதற்கு என்று கேட்காமல் கையெழுத்துப் போட்டார். கொடுக்கும்போது மட்டும், "முதலைக்கா?" என்றார். அந்த மனிதர் வாழ்நாளில் அடித்த ஒரே ஜோக் அதுவாகத்தான் இருக்கும்.

காற்றை இறக்கி, சாக்கில் கட்டி, கப்பலில் கொண்டு வந்தேன். வண்டூரில் அதே திடல், அதே தெற்குக் கோல். பாக்கு மரக் கம்பம் இரண்டு, குறுக்கே கயிறு. பந்து போட ஆள் வேண்டும், அப்பாவை இழுத்துக்கொண்டு போனேன். அவருக்குக் கால்பந்து தெரியாது. ஆனால் வலை வீசிப் பழகிய தோள், எங்கே எறியச் சொன்னாலும் அங்கே எறிவார். கயிற்றுக்கு ஒரு சாண் மேலே எறியச் சொன்னேன். எறிந்தார். பிடித்தேன். மறுபடி எறிந்தார். பிடித்தேன். பன்னிரண்டையும் பிடித்துவிட்டேன். அப்பாவுக்கு ஒரே பெருமை, ஒன்றையும் விடவில்லையே என்றார். நான் கோலுக்குள் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். துக்கத்தில் இல்லை, என் கை மேல் வந்த ஆத்திரத்தில்.

என்ன விஷயம் என்று கேட்டார். அன்றைக்குத்தான் அவருக்கும் முதன்முறையாகச் சொன்னேன், சின்ன வயதில் பந்துகள் போனது, நாங்கள் ஒளித்தது, எல்லாம். அவர் முகம் மாறியது.

"ஏட்டி, அஞ்சு வருசமா பந்து தண்ணிக்குள்ள போயிருக்கு, ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லலியே?"

"சொன்னா நீங்க திடல மூடிருவீங்கன்னு பயம்பா."

அவர் பலகையைத் தாண்டிக் கழியைப் பார்த்தார். தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. மீன் பிடிப்பவர்கள் அதை வத்தம் என்பார்கள், ஏறினால் ஏத்தம்.

"நான் என்ன தொழில் பாக்கேன்? வத்தம் எப்ப, ஏத்தம் எப்பன்னு எனக்குத் தெரியாதா? வத்தத்துல விழுந்தது எல்லாம் பாலத்துக்குக் கீழதான் போவும், வேற வழியே கெடையாது. நாளைக்கு அங்க வல கட்டிட்டு டிங்கியில உக்காந்துக்கிடுதேன். நீ தட்டு."

மறுநாள் பந்து எறிய சித்தப்பா வந்தார். வெயில் ஏறி, தண்ணீர் இறங்கத் தொடங்கியதும் ஆரம்பித்தோம். முதல் பந்தைப் பிடித்துவிட்டேன். இரண்டாவதையும் பிடித்தேன். மூன்றாவதுக்கு எழும்பும்போது இடது கையைக் கால்சட்டை இடுப்புக்குள் செருகிக்கொண்டேன். வேறு வழி இல்லாமல் வலது கை தட்டியது. விரல் நுனியில் பட்டு, கயிற்றைத் தாண்டி, எனக்குப் பின்னால் தொப்பென்று தண்ணீரில் விழுந்தது. கேல் கதம் என்று யாரோ சொல்லப் போகிறார்கள் என்று காத்திருந்தேன். யாரும் சொல்லவில்லை. சித்தப்பா அடுத்த பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, போடட்டுமா என்று கேட்டார். போடுங்கள் என்றேன்.

பன்னிரண்டையும் கழிக்கு அனுப்பிய பிறகு பாலத்துக்கு ஓடினேன். அப்பா டிங்கிக்குள் பந்துகளை மீன் மாதிரி குவித்து வைத்துக்கொண்டு வந்தார். எண்ணினேன், பதினொன்றுதான் இருந்தது.

"ஒண்ணு அவன் பங்கு, விட்டுரு" என்றார்.

ஆறு வாரம் செய்தோம். கடல் இறங்கும் நேரம் தினமும் முக்கால் மணி நேரம் தள்ளிப் போகும், நாங்களும் அதோடு தள்ளிப் போனோம். நான்காம் வாரத்தில் இடது கையைச் செருகாமல் தட்டினேன். முகாமுக்குத் திரும்பினதும் டிப் கட்டத்தில் கோடு விழும் என்று நினைத்தால், தாஸ் சார் அதற்கும் ஒப்புக்கொள்ளவில்லை. பயிற்சியில் தட்டுவதை எல்லாம் இனி பென்சிலில்தான் குறிப்பேன், ஆட்டத்தில் தட்டினால்தான் பேனா என்றார். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவள் ஆட்டத்தில் எங்கே தட்டுவது? இரண்டு வருடத்துக்கு மேல் பென்சில் கோடுகள் பக்கம் பக்கமாக நிறைந்தன. நான் சலிக்கவில்லை. சலித்தேன் என்று யாராவது சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவே சலிக்கவில்லை.

அடுத்த தகுதிச் சுற்று நம் நாட்டிலேயே நடந்தது. கடைசி ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் மாலதியின் விரல் உடைந்தது. கட்டுப் போட்ட கையோடு அவளே என் கையுறையை வாளியில் நனைத்து உதறிக் கொடுத்தாள். அவளுக்கு நான் அப்படிச் செய்திருப்பேனா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்தான்.

ஒரு கோல் முன்னிலையில் இருந்தோம். எண்பத்தெட்டாவது நிமிடம். அடித்தவள் வேறு, தூரமும் குறைவு, மழையும் இல்லை. பந்து மட்டும் அதே பந்து. மேலே எழும்பிக் கம்பிக்கு அடியில் நுழைய வந்தது. 'டிப்' என்று கத்தினேன். இந்த முறை யோசிக்க நேரம் இல்லை. எழும்பினேன், வலது கை மட்டும் போனது. விரல் நுனி பட்டது. விழுந்து புரண்டு, பழைய வழக்கத்தில் தொப்பென்ற சத்தத்துக்குக் காதைத் தீட்டினேன். கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். பந்து விளம்பரப் பலகையில் மோதி எங்கோ உருண்டுகொண்டிருந்தது. அதற்குள் ஓரத்தில் நின்ற ஒரு பெண் இன்னொரு பந்தைக் கார்னர் மூலைக்கு எறிந்துவிட்டாள். எத்தனையோ வருடமாகப் பார்க்கும் காட்சிதான். அன்றைக்குத்தான் என் புத்தியில் ஏறியது. இங்கே பந்து போனால் இன்னொரு பந்து வரும்.

அந்தக் கார்னர் என் தலைக்கு நேராகவே வந்தது. வெளியே வந்து எழும்பி, அதை இரண்டு கையாலும் பிடித்தேன். பந்தின் மேல் படுத்துக்கொண்டேன். ஆறு நொடி இல்லை, பத்து நொடியாவது படுத்திருப்பேன், நடுவர் எண்ணவில்லை. சரண்யா கேட்டால், இன்றைய விதிப்படி அது மறுபடி கார்னர். வரட்டும், அதையும் பிடித்திருப்பேன்.

அடுத்த சுற்றுக்குப் போனோம். எல்லோரும் கட்டிப்பிடித்து அழுதபோது பழைய கேப்டனை நினைத்துக்கொண்டேன். அவள் தன் ஊரில் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று தெரியும். அவளுக்குக் கொடுக்க வேண்டியதை வேறு யாருக்கோ கொடுத்தது மாதிரி இருந்தது. அந்த வலி போகவில்லை, போகவும் வேண்டாம். தாஸ் சார் குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்து நோட்டைத் திறந்து என் முன் நீட்டினார். பேனாவை என் கையில் கொடுத்தார்.

"நீங்களே போடுங்கள்" என்றார்.

டிப் கட்டத்தில் ஒரு கோடு போட்டேன். கோடு கோணலாக விழுந்தது.

இப்போது என்னிடமும் ஒரு நோட்டு இருக்கிறது, மூன்று கட்டமும் இருக்கிறது. ஆனால் புதிதாக வரும் பெண்ணுக்கு முதல் நாள் பந்து போடுவதில்லை. உங்கள் ஊர் திடலில் கோலுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று கேட்டு எழுதிக்கொள்கிறேன். ஹட் பேக்காரி ஒருத்தி, வலது கம்பத்தை ஒட்டி லாரி போகிற ரோடு என்றாள். பிறகு அவள் வலது பக்கம் பாயத் தயங்கியபோது காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. இன்னொருத்தி, தலைமையாசிரியர் வீட்டு ஜன்னல் என்றாள். சரண்யாவுக்குப் பின்னால் வெறும் நெல் வயல், அதுவும் அறுத்த வயல். அதனால்தான் அவள் எல்லாவற்றையும் தட்டி விடலாம் என்கிறாள். அவளுக்கு நான் பிடிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

போன திங்கட்கிழமை ஒரு பெண் புதிதாக வந்தாள். நல்ல உயரம், நீளமான கை. தாழ்வாக வரும் பந்துக்கு மட்டும் குனிவதற்குள் கண்ணை மூடிக்கொள்கிறாள். வழக்கமான கேள்வியை முதல் நாளே கேட்டிருந்தேன். தரையைப் பார்த்துக்கொண்டு, "ஒண்ணும் இல்லக்கா" என்றாள். அந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும், மூன்று வருடம் அது என் தொண்டையில் இருந்தது.

அவள் பெயருக்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை. நாளைக்கும் கேட்பேன், நாளை மறுநாளும் கேட்பேன். தாஸ் சார் மாதிரி ஒரு தோல்வி வரும் வரை காத்திருக்க எனக்குப் பொறுமை கிடையாது.